அறிந்திருந்தவர் அறியாதவராகும் பருவம்
(ஜும்ஆ உரை)

 

அல்லாஹ்வின் நல்லடியார்களே!

சென்ற மாதம் ஓர் இரவு, மணி இரண்டு இருக்கும். நம் பள்ளிவாசலின் வெளிக்கதவை யாரோ தட்டும் ஓசை கேட்டு முஅத்தின் எழுந்து சென்று பார்த்தார். நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் உளூச் செய்த ஈரம் காயாத கைகளுடன் நின்றுகொண்டிருந்தார். “ஃபஜ்ருக்கு நேரமாகிவிட்டதே, இன்னுமா கதவைத் திறக்கவில்லை?” என்று கடிந்துகொண்டார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதே பள்ளியின் மக்தப் மத்ரஸாவில் அலிஃப், பே கற்றுக்கொடுத்தவர் அவர். இங்கே அமர்ந்திருக்கும் உங்களில் பாதிப்பேர் அவரிடம் ஓதியவர்கள். முஅத்தினும் அவரிடம் ஓதியவர்தாம். அம்மாணவரின் முகம் அவருக்கு அன்று நினைவுக்கு வரவில்லை.

முஅத்தின் வாதம் செய்யவில்லை. “ஹஜ்ரத், இன்னும் சற்று நேரம் இருக்கிறது, உள்ளே வந்து உட்காருங்கள்” என்று சொல்லி, பாய் விரித்து, தேநீர் வைத்துக் கொடுத்து, மகன் தேடிக்கொண்டு வரும்வரை அருகிலேயே இருந்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக!

ஆனால் அடுத்த வாரம் நடந்தது வேறு. லுஹருடைய முன்சுன்னத்தில் அப்பெரியவர் நான்காவது ரக்அத்துக்குப் பின் ஐந்தாவதற்கு எழுந்தார். பிறகு ஆறாவதற்கும் எழுந்தார். பின் வரிசையில் இருந்த சிறுவர்கள் சிரித்தார்கள். பெரியவர்களில் சிலர் புன்னகைத்தார்கள். அப்படிப் புன்னகைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதை இந்த மிம்பரில் நின்று ஒப்புக்கொள்கிறேன். அந்தப் புன்னகைதான் இன்றைய உரைக்குக் காரணம். அவருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. குடும்பத்தாரின் அனுமதியைப் பெற்றே பேசுகிறேன்.

சகோதரர்களே!

இந்நிலையைப் பற்றி அல்லாஹ்வின் வேதம் மௌனமாக இல்லை. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 70ஆவது வசனத்திலும், அல்ஹஜ் அத்தியாயத்தின் 5ஆவது வசனத்திலும் ‘அர்தலுல் உமுர்’ என்னும் சொல் வருகிறது. வாழ்நாளிலேயே மிகத் தளர்ந்த பருவம் என்பது அதன் கருத்து. இவ்விரு இடங்களிலும் கண் மங்குவதையோ, பல் விழுவதையோ, முதுகு வளைவதையோ அல்லாஹ் அப்பருவத்தின் அடையாளமாகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அறிவு பெற்றிருந்த மனிதர் அதன்பின் ஏதும் அறியாதவராகி விடுவதைத்தான் அடையாளமாகக் காட்டுகிறான். யாஸீன் அத்தியாயத்தின் 68ஆவது வசனமோ, நீண்ட ஆயுள் கொடுக்கப்பட்டவர் படைப்பில் பின்னோக்கித் திருப்பப்படுவதைக் கூறுகிறது. கடைசியாகக் கற்றது முதலில் மறந்துபோகிறது. குழந்தைப் பருவத்தில் கற்றது கடைசிவரை நிற்கிறது. மகனின் பெயர் மறந்தவர் தம் உம்மாவின் பெயரைச் சொல்லி அழைக்கிறார். பின்னோக்கிய பயணம் என்பதை நம் வீடுகளில் கண்கூடாகக் காண்கிறோம்.

அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் இதிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். கோழைத்தனம், கஞ்சத்தனம், உலகின் சோதனை, கப்ரின் வேதனை ஆகியவற்றோடு சேர்த்து, தளர்ந்த வயதுக்குத் தள்ளப்படுவதிலிருந்தும் காக்குமாறு தொழுகைக்குப் பின் துஆச் செய்வார்கள். ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் இந்தத் துஆவை, ஆசிரியர் சிறுவர்களுக்கு எழுத்துப் பயிற்றுவிப்பதைப் போலத் தம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. அதை நம் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்போம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியுள்ளது. “குர்ஆன் ஓதுபவருக்கு இந்த நிலை வராது” என்று முன்னோர் சிலரிடமிருந்து அறிவிக்கப்படும் கூற்றைப் பிடித்துக்கொண்டு, “அப்படியானால் இவர் ஓதியது உள்ளத்திலிருந்து ஓதவில்லையோ?” என்று பேசுவோர் உள்ளனர். நாவைக் காத்துக்கொள்ளுங்கள். ஹதீஸ்களைப் பாதுகாத்துத் தந்த பெரும் அறிவிப்பாளர்களிலேயே முதுமையில் நினைவு தடுமாறியவர்கள் இருந்தார்கள். கூஃபாவின் அதா பின் ஸாயிப் (ரஹ்), பஸராவின் ஸயீத் பின் அபீ அரூபா (ரஹ்) போன்றோரின் வரலாற்றைப் படித்துப் பாருங்கள். ஹதீஸ் கலையில் இதற்கு ‘இக்திலாத்’ என்றே தனிப் பெயர் உண்டு. இன்னார் தடுமாற்றத்துக்கு முன் கேட்டார், இன்னார் பின்னர் கேட்டார் என்று அறிஞர்கள் பிரித்துப் பதிந்து வைத்தார்கள். முன்னர் கேட்டதை ஏற்றார்கள்; பின்னர் கேட்டதைத் தனியே வைத்தார்கள். ஆனால் அந்தப் பெரியோர்களின் இறையச்சத்தை அதைக்கொண்டு எவரும் எடை போடவில்லை.

அவர்களுள் ஒருவருடைய வரலாறு என் நெஞ்சில் ஆழப் பதிந்தது. பஸராவில் ஜரீர் பின் ஹாஸிம் (ரஹ்) என்றொரு ஹதீஸ் அறிஞர் இருந்தார். ஹிஜ்ரி 170இல் இறந்தார். வாழ்வின் இறுதியில் அவருக்கு நினைவு கலங்கியது. அவருடைய பிள்ளைகளும் ஹதீஸ் கற்றவர்கள். தந்தையின் நிலையை உணர்ந்ததும், மாணவர்கள் அவரிடம் சென்று ஹதீஸ் கேட்காதவாறு அவர்கள் தடுத்துவிட்டார்கள். ஆகவே கலங்கிய நிலையில் அவரிடமிருந்து எவரும் எதையும் கேட்கவில்லை என்று அப்துர் ரஹ்மான் பின் மஹ்தீ (ரஹ்) கூறியுள்ளார். பிள்ளைகள் செய்தது என்ன? தந்தையை ஒளித்து வைத்தார்களா? இல்லை, தந்தையின் கண்ணியத்துக்குத் திரை போட்டார்கள். அவர் வாழ்நாள் முழுவதும் கட்டிக்காத்த நம்பகத்தன்மை கடைசி ஓராண்டில் சிதறிவிடாமல் காத்தார்கள்.

இன்று நம்மில் சிலர் செய்வதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விருந்தினர் வந்ததும் தந்தையைக் கூடத்தில் உட்கார வைத்து, “வாப்பா, இது யார் சொல்லுங்கள் பார்ப்போம்?” என்று சோதிக்கிறோம். அவர் திணறுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். சிலர் கைப்பேசியில் படம்பிடித்துக் குடும்பக் குழுக்களில் அனுப்புகிறார்கள். அவருக்குப் பெயர் மறந்திருக்கலாம். தாம் அவமதிக்கப்படுவதை உணரும் உள்ளம் மறையவில்லை. நிகழ்ச்சி நினைவில் நிற்காவிட்டாலும் அதனால் உண்டான வருத்தம் நெடுநேரம் நிற்கிறது என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள்.

கண்ணியமிக்கோரே!

இது வயதின் இயல்பா, நோயா? வயதாகும்போது சிறு மறதி வருவது இயல்பு. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது ஒன்று. சாவி எதற்குப் பயன்படுகிறது என்பதே மறந்துபோவது வேறு. பின்னது நோய். 1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் ஆகுஸ்ட் டேட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். காரணமின்றிக் கணவரைச் சந்தேகித்தார். பொருள்களை எங்கெங்கோ ஒளித்து வைத்தார். தம் பெயரையே எழுத முடியாமல் தவித்தார். 1906இல் அவர் இறந்தபின், அவரைக் கவனித்து வந்த அலோய்ஸ் அல்ஸைமர் என்ற மருத்துவர் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மூளை சுருங்கியிருந்தது, நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும், உள்ளே முறுக்கிய இழைகளும் காணப்பட்டன. 1910இல் அந்நோய்க்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. அப்பெண்மணியின் சந்தேகமும் பிடிவாதமும் அவருடைய குணத்தின் கோளாறல்ல, மூளையின் சேதம் என்பது அன்று வெளிப்பட்டது.

‘டிமென்ஷியா’ என்பது பொதுப்பெயர். முதுமறதி நோய் என்று தமிழில் சொல்லலாம். அதில் பெரும்பகுதி அல்ஸைமர் வகை. மூளைக்குச் செல்லும் இரத்த நாளங்கள் பழுதடைவதால் வருவது மற்றொரு வகை; பக்கவாதம் வந்தவர்கள், நெடுநாள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களிடம் இதை மிகுதியாகக் காணலாம். மூளையின் முன்பகுதி சேதமடையும் வகையும் உண்டு. அதில் மறதி பின்னால்தான் வருகிறது. குணமே முதலில் மாறுகிறது. வாழ்நாளில் தகாத சொல் பேசாதவர் கெட்ட வார்த்தை பேசுவார், கூச்சம் இழப்பார். “இத்தனை தஹஜ்ஜுத் தொழுதவர் வாயிலிருந்தா இந்தச் சொல்?” என்று குடும்பம் கூனிக்குறுகிக் கதவைச் சாத்திக்கொள்கிறது. அச்சொல்லை அவர் தேர்ந்தெடுத்துப் பேசவில்லை. நாவைத் தடுத்து நிறுத்தும் மூளைப்பகுதி பழுதாகிவிட்டது.

நம் நாட்டில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வொன்று, 60 வயதைக் கடந்தோரில் 100க்கு ஏழு பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கிறார்கள் என்று மதிப்பிட்டது. 100இல் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு இந்நோய் இல்லை என்பதையும் இதிலிருந்தே அறிந்துகொள்ளுங்கள். எனவே “வயதானால் அப்படித்தான்” என்று தள்ளிவிடுவது சரியன்று.

இதன் மறுபக்கமும் உண்டு. யூஸுஃப் அத்தியாயத்தின் 94ஆவது, 95ஆவது வசனங்களை நினைத்துப் பாருங்கள். யூஸுஃபின் வாசனையைத் தாம் உணர்வதாக யஃகூப் (அலை) அவர்கள் சொல்கிறார்கள். சொல்லும்போதே, முதுமையால் புத்தி தடுமாறிவிட்டது என்று நீங்கள் என்னைக் கருதாவிட்டால் என்னும் கருத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். தம் வீட்டார் தம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பது அந்த நபிக்குத் தெரிந்திருந்தது! வீட்டாரும் அவ்வாறே பழைய தடுமாற்றம் என்று ஒதுக்கினார்கள். ஆனால் யஃகூப் (அலை) அவர்கள் சொன்னதே உண்மையாக இருந்தது.

ஆகவே, முதியவர் ஒருவர் குழப்பமாகப் பேசியவுடன் “வாப்பாவுக்குப் புத்தி மழுங்கிவிட்டது” என்று முத்திரை குத்திவிடாதீர்கள். காது கேளாமையால் பொருத்தமில்லாமல் பதில் சொல்பவர் உண்டு. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, துணையை இழந்த மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகளும் சளி மாத்திரைகளும், கீழே விழுந்து மண்டை ஓட்டுக்குள் கசிந்த இரத்தம் ஆகிய இவை எல்லாம் முதுமறதி போலவே தோற்றமளிக்கும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இரண்டே நாளில் குழம்பிப் பிதற்றினால், அது பெரும்பாலும் சிறுநீர்த் தொற்றோ, காய்ச்சலோ, உடலில் உப்புக் குறைந்ததோ ஆகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டிய நிலை. இரத்தப் பரிசோதனையும் தலை ஸ்கேனும் செய்து பார்க்காமல் எவரும் தீர்ப்பளிக்கக் கூடாது. நரம்பியல் மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கம் எதற்கு?

உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில், மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருப்பதாகவும், அந்த ஒன்று முதுமை என்றும் சொன்னார்கள் (அபூதாவூத், திர்மிதீ). அல்ஸைமரை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. டோனெபெசில், மெமன்டின் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் தெளிவைக் கூட்டுகின்றன. மூளையில் படியும் புரதத்தை நீக்கும் ஊசி மருந்துகள் 2023க்குப் பின் சில நாடுகளில் அனுமதிக்கப்பட்டுள்ளன. அவையும் தொடக்க நிலையில் உள்ளோருக்கு நோயின் வேகத்தைச் சற்றுக் குறைப்பவையே. “மூன்றே மாதத்தில் நினைவாற்றல் திரும்பும்” என்று லேகியம் விற்போரிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். ஜின் பிடித்துவிட்டது, செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஊர் ஊராக அழைத்துச் சென்று, சங்கிலியில் கட்டி, அடித்து, அந்த முதிய உடலைத் துன்புறுத்துவது பகிரங்கமான அநியாயம். குர்ஆன் வசனங்களை ஓதி ஊதுங்கள், அது சுன்னத். கூடவே மருந்தும் கொடுங்கள்; அதுவும் சுன்னத்.

அன்புச் சகோதரர்களே!

அல்இஸ்ரா அத்தியாயத்தின் 23ஆவது வசனத்தை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். பெற்றோரை நோக்கி ‘உஃப்’ என்றுகூடச் சொல்லக் கூடாது என்பது அதன் கட்டளை. அதைக் குறிப்பாக முதுமையோடு இணைத்து அல்லாஹ் சொல்லியிருக்கிறான். ஏன்? அந்த ‘உஃப்’ நம் வாய்க்கு வரும் காலம் அதுதான். இளமையான, சம்பாதிக்கும் தந்தையிடம் யார் ‘உஃப்’ சொல்வார்கள்? காலையிலிருந்து இருபதாவது முறையாக “இன்று என்ன கிழமை?” என்று கேட்கும் தந்தையிடம்தான் அது வரும். அவர் வேண்டுமென்றே கேட்கவில்லை. முந்தைய பத்தொன்பது பதில்களும் அவருடைய மூளையில் பதியவில்லை. அவரைப் பொறுத்தவரை அது முதல் கேள்வி. இருபதாவது முறையும் முதல் முறை போலப் பதில் சொல்வதுதான் அவ்வசனம் கேட்கும் கண்ணியமான பேச்சு.

வாதாடாதீர்கள். இறந்துபோன மனைவியைத் தேடும் பெரியவரிடம் “அவர் மௌத்தாகி எட்டு வருடமாயிற்று” என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதிய மௌத்துச் செய்தி. “அவர்களைப் பற்றிச் சொல்லுங்களேன், எப்படிச் சமைப்பார்கள்?” என்று கேளுங்கள், மனம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். அதில் பொய்யும் இல்லை. மாலை மங்கும் நேரத்தில் இவர்களுக்குப் பதற்றம் கூடும். “வீட்டுக்குப் போகவேண்டும்” என்று சொந்த வீட்டிலேயே நின்று அழுவார்கள். அந்நேரம் விளக்குகளை முன்கூட்டியே ஏற்றி, ஒருவர் அருகில் இருப்பது நல்லது. சட்டைப் பையில் வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய அட்டை வையுங்கள். அடுப்பு எரிவாயுவின் வால்வை மூடி வையுங்கள். குளியலறையில் வழுக்காத விரிப்பும் இரவு விளக்கும் வேண்டும்.

இந்த வேலைகளையெல்லாம் நம் வீடுகளில் யார் செய்கிறார்கள்? இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும், சொல்லத்தான் வேண்டும். மகன் துபையிலோ ரியாதிலோ இருக்கிறார். மாதந்தோறும் பணம் வருகிறது. “வாப்பாவை ராஜா மாதிரி வைத்திருக்கிறேன்” என்று பெருமை கொள்கிறார். இரவில் மூன்று முறை எழுந்து நனைந்த படுக்கையை மாற்றுவது மருமகள். பெற்றோருக்குப் பணிவிடை செய்வது மகன் மீதும் மகள் மீதும் உள்ள கடமை. மருமகள் மீது மார்க்கம் அதைக் கடமையாக்கவில்லை. அவர் செய்வது உபகாரம். உபகாரத்துக்கு நன்றி சொல்லவேண்டும், ஓய்வு கொடுக்கவேண்டும், வசதி இருந்தால் உதவிக்கு ஆள் வைக்கவேண்டும். விடுமுறையில் ஊருக்கு வரும் மகன் அந்த நாற்பது நாள்களில் இரவுப் பணியைத் தாமே ஏற்றுப் பார்க்கட்டும்.

அண்டை வீட்டாருக்கும் ஒரு சொல். “காலையிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு தரவில்லை”, “என் நகையை மருமகள் எடுத்துவிட்டாள்” என்று அந்தப் பெரியம்மா வாசலில் நின்று சொல்வார். சாப்பிட்டது மறந்துபோவதும், வைத்த பொருளைக் காணாமல் திருட்டுப்பழி சுமத்துவதும் இந்நோயின் மிகப் பொதுவான அறிகுறிகள். அதை நம்பித் தெருவெல்லாம் பரப்பினால் ஒரு பெண்ணின் மானத்தைக் கெடுத்த பாவம் நம்மீது எழுதப்படும். அல்ஹுஜுராத் அத்தியாயம் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. ஊகங்களை விலக்கச் சொல்கிறது. அதேவேளை, உண்மையிலேயே பட்டினி போடப்படும் முதியவர்களும் உண்டு. உள்ளே சென்று பாருங்கள், பார்க்காமல் பேசாதீர்கள்.

சொத்து விஷயம் இதைவிடக் கடுமையானது. தந்தைக்குத் தேதி தெரியவில்லை, மகனைத் தெரியவில்லை. ஆனால் பத்திரத்தில் அவருடைய கைநாட்டு மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது! அன்பளிப்புச் செய்யவும், வஸிய்யத் செய்யவும், விற்கவும் அறிவு தெளிவாக இருப்பது நிபந்தனை என்பதில் நம் ஃபிக்ஹ் நூல்களில் ஐயம் இல்லை. நம் நாட்டின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் அதையே கூறுகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், குர்ஆனிலேயே நீண்ட வசனம், கடன் பத்திரம் பற்றியது. கடன் பெற்றவர் அறிவு குறைந்தவராகவோ, பலவீனராகவோ, வாசகம் சொல்ல இயலாதவராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்லட்டும் என்று அதில் அல்லாஹ் வழிகாட்டுகிறான். பொறுப்பாளர் என்பவர் முதியவரின் நலனுக்காகச் செயல்படுபவர். தம் பங்கைப் பெருக்கிக்கொள்பவர் அல்லர். அறிவு கலங்கிய தந்தையிடம் கைநாட்டு வாங்கி உடன்பிறந்த ராத்தாமார்களின் வாரிசுப் பங்கை விழுங்கியவர், அந்தச் சொத்தில் ஹஜ் செய்தாலும் எதைச் சுமந்துகொண்டு திரும்புவார் என்று யோசிக்கட்டும்.

இப்போது தெளிவோடு இருக்கும் நாம் செய்யவேண்டியது ஒன்றுண்டு. வஸிய்யத் செய்யவேண்டிய விஷயம் உள்ளவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கக் கூடாது என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. கொடுக்கல் வாங்கல்களை, அமானிதங்களை, விடுபட்ட ஸகாத்தை இன்றே எழுதி வையுங்கள். நோய் தொடங்கியது தெரிந்தால், அறிவு தெளிவாக உள்ள முதல் கட்டத்திலேயே சாட்சிகளோடு உட்கார்ந்து பேசி முடியுங்கள்.

பெற்றோரைக் கைவிடுவோரைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் சிலர் கேட்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி முதியவரைக் கைவிடுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கவனித்துக்கொள்வதாக நிபந்தனை வைத்து எழுதி வாங்கிவிட்டுக் கவனிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்க முடியும். முதியோருக்கென்று 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. நம் மஹல்லாவிலிருந்து அந்த எண்ணுக்கு ஓர் அழைப்பும் போகாதிருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. போகவேண்டிய தேவை வந்தால் தயங்கவும் வேண்டாம்.

தொழுகை பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். தூங்குபவர் விழிக்கும்வரை, சிறுவர் பருவமடையும்வரை, அறிவிழந்தவர் தெளியும்வரை எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்னும் ஹதீஸை அறிவீர்கள். முதுமையால் அறிவு கலங்கியவரையும் சேர்த்துச் சொல்லும் ஓர் அறிவிப்பு அபூதாவூதில் உண்டு; அதன் தொடரில் குறையிருப்பினும் கருத்து முதல் ஹதீஸிலேயே அடங்கிவிடுகிறது. ஆகவே நேரமும் ரக்அத்தும் புரியாத நிலையை அடைந்தவர் மீது தொழுகையும் நோன்பும் கடமையில்லை, களாவும் இல்லை. அறிவு தெளிவாக இருந்து உடல் மட்டும் தளர்ந்தவருக்குத்தான் நோன்புக்குப் பகரமாக ஏழைக்கு உணவளிக்கும் சட்டம். ஒருவேளை தெளிந்தும் ஒருவேளை கலங்கியும் இருப்பவர், தெளிந்த வேளையில் முடிந்தவரை தொழட்டும். அவருடைய செல்வத்துக்கு ஸகாத் உண்டா என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உள்ளது. ஷாஃபிஈ மத்ஹபில் பொறுப்பாளர் கொடுக்கவேண்டும், ஹனஃபி மத்ஹபில் கடமையில்லை. உங்கள் வீட்டு நிலையை நேரில் வந்து சொன்னால் பேசிக்கொள்ளலாம்.

கடமை இல்லையென்பதால் தொழவிடாதீர்கள் என்று பொருளன்று. “வாப்பா தப்புத் தப்பாகத் தொழுகிறார், பள்ளிக்கு வரவேண்டாம்” என்று தடுத்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அவர் எத்தனை ரக்அத் தொழுதாலும் தொழட்டுமே! குர்ஆனோடு வளர்ந்த ஒருவருக்குச் சிறுவயதில் பதிந்த ஸூராக்கள் கடைசிவரை நாவில் நிற்கின்றன. நான் சொன்ன பெரியவருக்கு மகனின் பெயர் வருவதில்லை. அருகில் அமர்ந்து அல்ஃபாத்திஹாவைத் தொடங்கினால் பிழையின்றி முடிக்கிறார். அதுமட்டுமா? ஓதுபவரின் தஜ்வீதில் குறையிருந்தால் கையைத் தட்டி நிறுத்துகிறார்! சென்ற வாரம் என்னையே நிறுத்தினார்.

மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்கள், பார்வையிழந்த, தலை முற்றும் வெளுத்த தம் தந்தை அபூகுஹாஃபாவை நபி (ஸல்) அவர்களிடம் அழைத்து வந்தார்கள். அம்முதியவரை வீட்டிலேயே இருக்க விட்டிருந்தால் நானே அவரிடம் வந்திருப்பேனே என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் (அஹ்மத்). மக்காவை வென்ற நாளில், ஆயிரம் பணிகளுக்கு நடுவே சொன்ன சொல் இது. ஒரு மனிதர் நோயுற்றாலோ பயணத்திலிருந்தாலோ, நலத்தோடு ஊரில் இருந்தபோது அவர் செய்துவந்த அமலின் நன்மை எழுதப்படுகிறது என்று அபூமூஸா (ரலி) அறிவிப்பதும் புகாரியில் உள்ளது. ஐவேளையும் முதல் வரிசையில் நின்றவருக்கு, இன்று ரக்அத் மறந்துபோனாலும் அந்த நன்மை தொடர்கிறது என்று நாம் உறுதியாக ஆதரவு வைக்கிறோம்.

இந்நோயைத் தடுக்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். உலக அறிஞர்கள் கூடி 2024இல் வெளியிட்ட லான்செட் ஆணைய அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் ஏறத்தாழ 45 விழுக்காடு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்கிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, உடலுழைப்பின்மை, காது கேளாமை, தனிமை ஆகியவை அவற்றில் அடங்கும். வெள்ளிக்கிழமை பிரியாணிக்குப் பின் தூங்குவதைப் பற்றி நான் தனியே சொல்லவேண்டியதில்லை. காது கேட்கும் கருவியை மட்டும் வெட்கப்படாமல் வாங்கிக் கொடுங்கள்; காது கேளாதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார், ஒதுங்கியவரின் மூளை சோம்பிவிடுகிறது.

இறுதியாக ஓர் அறிவிப்பு. அந்தப் பெரியவர் அஸருக்குப் பின் பள்ளிக்கு வருவதை மிகவும் விரும்புகிறார். மகன் கடைக்குப் போகவேண்டியுள்ளது. மருமகளுக்கு அந்த ஒன்றரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும். அஸரிலிருந்து மஃரிப் வரை ஒருவர் அவரோடு அமர்ந்திருக்க வேண்டும். தொழுகையில் பக்கத்தில் நின்று, ருகூஉ, ஸஜ்தாவை மெல்லச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பின்பு வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். செவ்வாய்க்கிழமையை முஅத்தின் எடுத்துக்கொண்டார். வியாழன் என்னுடையது. சனிக்கிழமைக்கு, அன்று பின் வரிசையில் சிரித்த சிறுவர்களில் இருவர் தாமாகவே வந்து பெயர் கொடுத்துவிட்டார்கள். ஞாயிறு, திங்கள், புதன், வெள்ளி என நான்கு மாலைகள் மீதமுள்ளன. தொழுகை முடிந்ததும் நான் மிஹ்ராபின் அருகிலேயே இருப்பேன். அவரிடம் ஓதியவர்கள் முதலில் வாருங்கள்.